ஒரு தாளில் ஒரு விஷயம்

இறால் குஞ்சுகள் இடம் மாறிவிட்டன என்று நான் எழுதினேன். மேலே இருந்தவர்கள் அதை நம்பினார்கள். நம்பாமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். இன்றும் வீட்டில் எனக்கு இதே பேச்சுதான். "சாப்பாட்டு நேரத்துலயாச்சும் அந்த இறாலை விடுங்களேன்" என்கிறாள் என் மனைவி பாக்கியலட்சுமி. விட முடிந்தால் விட்டிருக்க மாட்டேனா?

நான் கணேசமூர்த்தி. மலாக்காவில் கரையோர மீன்பிடிப்புக்கு உரிமம் தருகிற ஓர் அலுவலகத்தில் இரண்டாம் கிராணி, அதாவது குமாஸ்தா. வீடு காஜா பெராங்கில். வாரத்தில் இரண்டு நாள் சைக்கிளை மிதித்துத் தெங்கேராக் கரைக்குப் போய், யார் என்ன பிடித்தார்கள், எந்த இடத்தில் பிடித்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவேன். மற்ற நாட்களில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அதையே அழகான கையெழுத்தில் பெயர்த்து எழுதுவேன். கையெழுத்தைப் பற்றியும், கோப்பைச் சுத்தமாக வைத்துக்கொள்வதைப் பற்றியும் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நடந்த கூத்தில் அந்தக் கர்வத்துக்கும் பங்கு இருக்கிறது.

தெங்கேராக் கரைக்கு எதிரே கடலில் இரண்டு கம்பங்கள் நிற்கின்றன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் அரை மைல் இருக்கும். அந்த இடைவெளியில் வலை போடக் கூடாது என்று 1934-இல் ஓர் ஆணை. நல்ல ஆணைதான். அந்தக் காலத்தில் அங்கே கரையோரம் முழுக்கக் கண்டல் மரம், அடியில் முழங்கால் ஆழத்துக்குச் சேறு. இறால் குஞ்சுகள் அந்தச் சேற்றில்தான் வளர்ந்து, பெரிதாகி, வெளிக்கடலுக்குப் போயின. குஞ்சுகளை விட்டால்தான் அடுத்த வருஷம் இறால். அதை எழுதிய துரை யாரோ, புத்தியுள்ள மனிதர்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். விறகுக்கும் கரிக்கும் கண்டலை வெட்டித் தீர்த்தார்கள். பிடித்து வைக்க வேர் இல்லாததால் சேறு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போயிற்று. பத்து வருஷத்தில் அங்கே மணல் தட்டிவிட்டது. கம்பங்கள் மட்டும் அதே இடத்தில் நின்றன. ஆணையும் நின்றது.

இதை எனக்குச் சொன்னவர் சிஹாபுதீன் பாய். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அவர் பிறந்தது தெங்கேராவில். கடலில் மலாய், என்னிடம் தமிழ். தள்ளுவலைக்காரர். இரண்டு நீள மூங்கிலைக் கத்தரி மாதிரி கட்டி, அதன் நடுவே வலையைத் தைத்து, இடுப்பளவுத் தண்ணீரில் முன்னால் தள்ளிக்கொண்டே நடப்பார்கள். கூனி என்கிற, வளர்ந்தாலும் பொடியாகவே இருக்கும் இறாலைப் பிடிக்கத்தான் அந்த வலை. கூனியை அவருடைய மனைவி மஜீதா உப்புப் போட்டு இடித்து, காயவைத்து, பிளாச்சான் செய்வார். காஜா பெராங்கில் பாதி வீடுகளில் சம்பலுக்கு மஜீதாவின் பிளாச்சான்தான்.

தள்ளுவலைக்காரனுக்கு ஆழக்கடல் கிடையாது. கால் தரையில் பாவுகிற இடம் வரைக்கும்தான் அவன் உலகம். இதை மறந்துவிடாதீர்கள். எங்கள் அலுவலகம் மறந்துவிட்டது.

சென்ற வருஷம் மே மாதம் ஒரு வியாழக்கிழமை, நான் பென்சிலும் கையுமாகப் போய் நின்றபோது பாய் கூடையை என் காலடியில் வைத்தார்.

"கிராணியாரே, கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. இது கூனியா?"

குனிந்தேன். கூனி வெளிறிய சிவப்பாக, கறுப்புக் கண்ணோடு குவிந்து கிடந்தது. அதற்கு நடுவே கண்ணாடித் துண்டு போல வேறு ஏதோ துள்ளியது.

"பெரிய இறாலோட குஞ்சு. நாப்பது வருசமா வலை தள்ளுறேன். இவ்வளவு குஞ்சு வலையில வந்ததே இல்ல. மேக்கால, லிம்போங்கான் பக்கத்துல சேறு புதுசா ஏறியிருக்கு. எல்லாம் அங்கதான் கிடக்கு. நாங்களும் அங்கதான் தள்ளுறோம். வேற எங்க போறது? கம்பத்துக்கு நடுவுல போனா நீங்க புடிப்பீங்க."

"அப்ப கம்பத்துக்கு நடுவுல என்ன இருக்கு பாய்?"

"அங்க வெறும் கூனி. சுத்தமான கூனி."

குஞ்சு இல்லாத இடத்தைச் சட்டம் காவல் காத்துக்கொண்டிருந்தது. குஞ்சு இருக்கிற இடத்தில் முப்பது வலை உழுதுகொண்டிருந்தது. சட்டத்தை மீறாமல், உரிமத்தோடு, என் கையெழுத்தோடு.

மறுநாள் தண்ணீர் வற்றின நேரத்தில் கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நானும் இறங்கினேன். முதலில் மேற்கே ஒரு தள்ளு. பிறகு கம்பங்களுக்கு நடுவே ஒரு தள்ளு. அது குற்றம். "என் பொறுப்பு, தள்ளுங்க பாய்" என்றேன். இரண்டு பிடியிலிருந்தும் ஒவ்வொரு சிரட்டை அள்ளி, கரையில் சாக்கை விரித்து, உட்கார்ந்து பிரித்தோம். மேற்கே எடுத்ததில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் குஞ்சு. கம்பத்துக்கு நடுவே எடுத்ததில் மூன்றே மூன்று.

"பாய், இது ரொம்பச் சுலபம்" என்றேன். "கம்பத்தைப் பிடுங்கி மேற்கால நட்டுட்டா முடிஞ்சுது. குஞ்சும் பிழைக்கும், உங்களுக்கும் நல்ல கூனி கிடைக்கும்."

"செய்வாங்களா?"

"ஏன் செய்ய மாட்டாங்க? சுதந்திரம் வருது. பழைய ஆணையெல்லாம் புதுசா அச்சடிக்கப் போறாங்க. ஆகஸ்டுக்குள்ள கொடுத்தா இதையும் சேர்த்துடலாம்."

பாய் தாடியைத் தடவிக்கொண்டு கடலையே பார்த்தார். "குஞ்சு எங்க இருக்குன்னு ஆப்பீஸ்ல சொன்னா, அந்த இடத்தை மூடிடுவாங்கன்னு பசங்க பயப்படுறானுங்க. நான் உங்களை நம்பித்தான் காட்டினேன், கிராணியாரே. அங்க மூடினா இங்க திறக்கணும். ரெண்டும் ஒண்ணாதான் நடக்கணும்."

"ரெண்டும் ஒண்ணாதான் நடக்கும்" என்றேன். எவ்வளவு சுளுவாகச் சொல்லிவிட்டேன்!

பாய் வீடு வீடாகப் போய் முப்பத்தோரு தள்ளுவலைக்காரர்களிடம் கைநாட்டு வாங்கி வந்தார். மலாய்க்காரர்கள், எங்கள் ஆட்கள், எல்லோரும் இருந்தார்கள். நான் மூன்று பக்கத்துக்கு அறிக்கை எழுதினேன். சிரட்டைக் கணக்கு, இடத்தின் அடையாளம், காரணம், கடைசியில் ஒரே வரியில் வேண்டுகோள்: தடையை இங்கிருந்து எடுத்து அங்கே வைக்கவும். பச்சைப்பிள்ளைக்குக் கூடப் புரியும்.

பெரிய கிராணி மாணிக்கவாசகம் அதைப் படித்தார். முப்பது வருஷ சர்வீஸ். கெட்ட மனிதர் அல்ல. எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "விஷயம் நல்லா இருக்கு தம்பி. ஆனா இது ரெண்டு விஷயம்" என்றார்.

"ஒரு விஷயம்தான் அண்ணே. மாத்துறது."

"மூடுறது ஒண்ணு, திறக்கிறது ஒண்ணு. ஒரு தாள்ல ஒரு விஷயம். உனக்குத் தெரியாததா? ரெண்டையும் ஒண்ணா அனுப்பினா எந்தக் கோப்புல போடுறதுன்னு தெரியாம மேசையிலேயே கிடக்கும். நம்ம ஆப்பீஸ் துரை அடுத்த மாசம் சீமைக்குக் கப்பல் ஏறுறார். பிரிச்சுப் போடு, சீக்கிரம் நகரும்."

அங்கே நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. இன்னும் கேவலமான உண்மையைச் சொல்கிறேன். அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு தாளில் ஒரு விஷயம் என்பது அந்த அலுவலகத்தில் என் ரத்தத்தில் ஊறிப்போன ஒன்று. மற்றவர்கள் இரண்டு விஷயத்தைக் கலந்து எழுதினால் நானே சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அன்று மாலையே உட்கார்ந்து பிரித்தேன். ஒரு தாளில் மேற்குப் பகுதியை மூடவும் என்று எழுதினேன். இன்னொன்றில் பழைய பகுதியைத் திறக்கவும் என்று எழுதினேன். எண் போட்டு, ஓரம் வெட்டி, இரண்டு கோப்பில் கோத்தேன். பார்க்க அத்தனை அழகாக இருந்தது.

மூடுகிற தாளுக்குத் துரையின் கையெழுத்துப் போதும். கடலில் எதையாவது தடை செய்ய வேண்டும் என்றால் உள்ளூரிலேயே செய்துகொள்ளலாம். ஏற்கெனவே இருக்கிற தடையை எடுக்கத்தான் கோலாலம்பூருக்குப் போக வேண்டும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இரண்டு தாளும் சேர்ந்தேதான் நடக்கும் என்று ஏதோ ஒரு நம்பிக்கை. ஒரே நாளில் அனுப்பியவை ஒரே நாளில் திரும்பி வரும் என்று நினைத்துக்கொண்ட மடையன் நான்.

கப்பல் ஏறுவதற்கு முந்தின வாரம் துரை நாற்பது கோப்பில் கையெழுத்துப் போட்டார். என்னுடையதும் அதில் ஒன்று. "நல்ல வேலை" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். ஆகஸ்டு கடைசியில் ஊர் முழுக்கத் தோரணம் கட்டினார்கள். பாக்கியம் புதுச் சேலை கட்டிக்கொண்டாள். சுதந்திரம் வந்த அன்று எல்லோரும் திடலுக்குப் போய் மெர்டேக்கா என்று தொண்டை வறளக் கத்தினோம். நானும் கத்தினேன். மனதாரத்தான் கத்தினேன். அந்த வாரமே அரசிதழில் வந்துவிட்டது: லிம்போங்கான் கரைக்கு எதிரே உள்ள பகுதியில் வலை போடத் தடை.

திறக்கச் சொன்ன தாள் செப்டம்பரில் திரும்பி வந்தது. தடையை நீக்க வேண்டுமானால் 1934-ஆம் ஆண்டின் அசல் வரைபடத்தை இணைக்கவும் என்று ஒரு வரி.

அசல் வரைபடம் எங்கே இருக்கிறது? ஜப்பான்காரன் காலத்தில் பழைய தாள்களையெல்லாம் அடுப்பில் எரித்துவிட்டார்கள். இல்லை என்று எழுதினேன். அப்படியானால் தடை எங்கிருந்து எங்குவரை என்று நிச்சயமாகத் தெரியாததால் அதை நீக்குவதற்கு இல்லை என்று பதில் வந்தது. தெரியாதாம்! கம்பம் கடலில் நிற்கிறது. கண் இருக்கிற எவனும் கரையில் நின்று பார்க்கலாம். எங்கிருந்து எங்குவரை என்று தெரியாத அந்த இடத்தில் வலை போட்டால் பிடிப்பதற்கு மட்டும் நன்றாகத் தெரிகிறது. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மேசையில் ஓங்கிக் குத்தினேன். மைக்கூடு கவிழ்ந்தது. மாணிக்கவாசகம் மை ஒற்றுகிற தாளை எடுத்து நீட்டினார்.

புதிதாக வந்த அதிகாரி ஜொகூர்க்காரர், மலாய்க்காரர், சிறு வயது. அவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை, என்னோடு கரைக்கு வந்தார், சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கிக் காலால் மணலைத் தடவிப் பார்த்தார். எனக்கு உயிர் வந்தது.

"நீ சொல்வது சரி" என்றார் மலாயில். "ஆனால் கணேசமூர்த்தி, நான் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மாதம் ஆகவில்லை. வெள்ளைக்காரன் இருபது வருஷம் காப்பாற்றிய இடத்தை நாம் வந்ததும் திறந்துவிட்டோம் என்று பத்திரிகைக்காரன் எழுதுவான். அடுத்த வருஷம் பார்ப்போம்."

"துவான், கடல் அடுத்த வருஷம் வரைக்கும் இப்படியே இருக்காதே" என்றேன்.

அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

ஆக, குஞ்சு இருந்த இடமும் மூடியாயிற்று, குஞ்சு இல்லாத இடமும் மூடியே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கால் பாவுகிற தண்ணீர் கொஞ்சம் மிஞ்சியது. அதில் முப்பத்தோரு வலை. மூங்கிலோடு மூங்கில் இடித்துக்கொண்டு, ஒருவன் தள்ளிப் போன தடத்திலேயே அடுத்தவன் தள்ளி, கூடையில் பாதி கலங்கல். அக்டோபரில் பாதிப் பேர் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் புல்வெட்டப் போனார்கள். சிஹாபுதீன் பாய்க்கு ஐம்பத்தைந்து வயது. அவரை யார் வேலைக்குச் சேர்ப்பார்கள்?

நவம்பரில் ஒருநாள் காலை, நான் போய் உட்காருவதற்கு முன்பே அலுவலக வராந்தாவில் ஒரு தள்ளுவலை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஈரம் சொட்டியது. பக்கத்தில் கடற்காவலர் ஒருவர். அவருக்குப் பின்னால் பாய், லுங்கி நனைந்தபடி நின்றுகொண்டிருந்தார். லிம்போங்கான் பக்கத்தில் பிடித்தார்களாம்.

வலையைப் பறிமுதல் செய்தால் அதற்குச் சீட்டு எழுத வேண்டியவன் நான். மாணிக்கவாசகத்தைப் பார்த்தேன். அவர் தலை குனிந்துகொண்டார். எழுதினேன். என்னதான் ஆத்திரம் இருந்தாலும் எழுத்து அச்சுப் போல விழுந்தது. என் கைமேல் எனக்கே வெறுப்பு வந்தது.

"வாசிச்சுக் காட்டுங்க" என்றார் பாய். "எனக்கு இங்கிலீசு தெரியாது."

"தடை செய்யப்பட்ட பகுதியில வலை போட்டது..." என்று ஆரம்பித்தேன்.

"எந்தப் பகுதி?"

"லிம்போங்கான்."

"யார் காட்டின பகுதி?"

நான் பேனாவைக் கீழே வைத்தேன். கடற்காவலருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாய், நான் ரெண்டு தாள் அனுப்பினேன். ஒண்ணு வந்துச்சு, ஒண்ணு..."

"ரெண்டு தாளா?" என்றார் அவர். கோபப்பட்டால் தேவலை என்று இருந்தது, கோபமே இல்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். "நான் உங்ககிட்ட ஒண்ணைத்தானே சொன்னேன். அதை ஏன் ரெண்டாக்குனீங்க?"

முப்பது வருஷ சர்வீஸ்காரரும், மூன்று பக்கம் எழுதத் தெரிந்த நானும் அந்த அறையில் இருந்தோம். பாய் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

அன்று வீட்டில் பாக்கியத்திடம் சொன்னேன். "மஜீதா வீட்டுக்குப் போனேன்" என்றாள் அவள். "பிளாச்சான் இருக்கான்னு கேட்டேன். இல்லைன்னாங்க. பின்னால முற்றத்துல காயுறது எனக்குத் தெரியுது. 'உக்காருங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க'ன்னு மரியாதையாத்தான் பேசினாங்க. அதுதான் தாங்கல." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

நான் சும்மா இருக்கவில்லை. டிசம்பரில் ஒரு மனு, ஜனவரியில் இரண்டு. இரண்டு விஷயத்தையும் ஒரே தாளில், ஒரே வாக்கியத்தில், இடைவெளி விடாமல் எழுதினேன். பொருள் தெளிவாக இல்லை, பிரித்து அனுப்பவும் என்று திரும்பி வந்தது. பிரித்து அனுப்பவும்! சிவப்பு மையால் சுழித்திருந்தார்கள்.

பிப்ரவரியில் வலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். பாய் மறுபடியும் கடலில் இறங்கினார். நானும் மறுபடியும் பென்சிலோடு கரையில் போய் நின்றேன். எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. இடங்களையெல்லாம் மாதம் மாதம் ஒழுங்காகக் குறித்துக்கொண்டே வந்தால், குஞ்சு எங்கே, மணல் எங்கே, கூனி எங்கே என்று ஒரு வருஷத்துக் கணக்கு கையில் இருந்தால், அதை யாரும் மறுக்க முடியாது. பழைய வரைபடம் இல்லை என்றால் புது வரைபடத்தை நானே போட்டுவிடுவேன்.

முதலில் வந்தவரிடம் எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு தடைக்கும் நடுவுல" என்றார். அடுத்தவரும் நடுவில் என்றார். அதற்கடுத்தவரும் அப்படியே. மூன்று வாரம் எல்லோரும் நடுவில்தான் பிடித்தார்கள். மிஞ்சிய அந்தத் துண்டுத் தண்ணீரில் அவ்வளவு கூனி வராது என்பது எனக்குத் தெரியும். கூடையைப் பார்த்தேன். நல்ல சேற்று வாசனை. குஞ்சைக் கரைக்கு வரும் முன்பே பொறுக்கி எறிந்திருந்தார்கள். ஓரத்தில் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. சேறு மறுபடியும் எங்கோ நகர்ந்திருக்கிறது. அவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

அதிகாரிக்கு ஏக சந்தோஷம். "பார்த்தாயா, யாருமே தடையை மீறுவதில்லை. உன் மூடல் திட்டம் வெற்றி" என்றார். மற்றக் கரைகளுக்கும் இதையே செய்யலாம் என்று யோசிக்கிறாராம். நான் அவர் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, அவர்கள் இடத்தை மறைக்கிறார்கள் என்று சொன்னால் காவலர்கள் பின்னால் போவார்கள், பாயின் வலை மறுபடியும் வராந்தாவுக்கு வந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

நேற்று பாய் கரையேறும்போது மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். தனியாகப் பிடித்தேன். பென்சிலையும் தாளையும் பைக்குள் போட்டு மூடிவிட்டு, வெறுங்கையை விரித்துக் காட்டினேன்.

"பாய், நான் எழுதல. ஆப்பீஸுக்கு இல்ல, எனக்காகக் கேக்குறேன். குஞ்சு இப்ப எங்க இருக்கு?"

அவர் மூங்கிலைத் தோளிலிருந்து இறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பகை இல்லை, பழைய சிநேகம்கூடக் கொஞ்சம் இருந்தது.

"கடல்லதான் இருக்கு, கிராணியாரே" என்று சொல்லிவிட்டு நடந்தார்.